குறட்டை நிற்கும் நேரத்தைக் கவனியுங்கள்

முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்கியவரின் கயிற்றைப் படகில் பிடித்திருந்தது பெரும்பாலும் மச்சான்தான் என்று தூத்துக்குடிப் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சியின் தாலியை நினைத்தாவது அவன் கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை. 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் குறட்டைச் சத்தத்தில் உறக்கம் கலைந்து கிடக்கும் மனைவியும் கணவரும் இன்றும் அந்தக் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறார்கள். வீடுகளில் புழங்கும் சில நம்பிக்கைகள் அவர்கள் கையைக் கட்டிப்போடுகின்றன.

நம்பிக்கை: குறட்டை விட்டால் அசந்து உறங்குகிறார் என்று பொருள்.

உண்மை: உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை குறுகும். அந்த இடுக்கில் காற்று புகும்போது மென்மையான மேல்அண்ணமும் உள்நாக்கும் அதிர்வதுதான் குறட்டை. எப்போதாவது வந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. சிலருக்கோ அந்தப் பாதை அடைபட்டே போகும். சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மூக்கில் காற்று இருக்காது. பிறகு திணறி ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை.

‘அப்பாடா, நின்றது’ என்று நாம் கண்ணை மூடும் நேரம் அதுதான். கவனிக்க வேண்டிய நேரமும் அதுதான். முத்துக்குளித்தவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, தானே அடக்கிக்கொண்டு இறங்கினார். திணறினால் கயிற்றை அசைத்தார். உறங்குபவருக்கு இரண்டும் இல்லை. 10 விநாடியோ அதற்கு மேலோ இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முறைக்கு மேல் போனால், அது உறக்க மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். 30-ஐத் தாண்டினால் தீவிரம். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் பக்கவாத அபாயமும் கூடும். ராத்திரி முழுக்க மூளை விழித்து விழித்து எழுவதால் பகலில் கண் சொக்கும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு நொடிச் சொக்கல் போதும், விபத்தாகிவிட.

நம்பிக்கை: குண்டான ஆண்களுக்குத்தான் குறட்டை வரும்.

உண்மை: உடல் எடை முக்கியக் காரணம்தான், ஆனால் அது மட்டுமே அல்ல. தாடை சிறுத்திருக்கும் ஒல்லியானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். குழந்தை தினமும் குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு உறக்க மூச்சுத்தடை இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் கணித்தார்கள். பெண்கள் பலர் கூச்சப்பட்டே வெளியில் சொல்வதில்லை.

நம்பிக்கை: கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்தால் உடம்பு அலுப்புக்கு நல்ல உறக்கம் வரும்.

உண்மை: மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். குறட்டை கூடும், மூச்சு நிற்கும் நேரமும் நீளும். மருத்துவரைக் கேட்காமல் போடும் உறக்க மாத்திரையிலும் இந்த ஆபத்து உண்டு.

நம்பிக்கை: மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

உண்மை: அடைப்பு பெரும்பாலும் தொண்டையில். எண்ணெய் அதை அகலப்படுத்தாது. உறக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். அதைவிட ஒருக்களித்துப் படுப்பது பலருக்குக் கைகொடுக்கும். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை மறைக்கும். பழைய பனியனின் முதுகுப்பக்கம் ஒரு பை தைத்து அதற்குள் டென்னிஸ் பந்தைப் போட்டால், மல்லாக்கப் புரள விடாது.

நம்பிக்கை: பக்கத்தில் படுப்பவர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

உண்மை: அவருடைய உறக்கமும் உடல்நலம்தான். விசைப்படகு அதிகாலை 5 மணிக்குக் கிளம்பும் வீட்டில், அதற்கும் முன்பே எழுந்து சோறு கட்டுகிறவருக்கு ஒரு மணி நேர உறக்கம் பெரிய சொத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 10 தம்பதிகளை வைத்து நடத்தி 1999-ல் வெளியான ஆய்வில், குறட்டை விடுபவருக்குக் காற்றழுத்தக் கருவி பொருத்தியதும் பக்கத்தில் படுத்தவரின் உறக்கம் இரவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடியது. சிபாப் எனும் அந்தக் கருவியை 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். முகமூடி வழியே செலுத்தும் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும்.

சிகிச்சை தொடங்கும்வரை காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் முந்திப் படுக்கலாம். இடமிருந்தால் சில இரவுகள் வேறு அறையில் படுப்பதிலும் தவறில்லை, உறவு அதனால் முறிந்துவிடாது. ஆனால் மூச்சு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காதை அடைக்க வேண்டும்.

இன்று இரவே தலைமாட்டில் செல்போனை வைத்து, அரை மணி நேரச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ இருவருமாகப் போங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம். தேவைப்பட்டால், ஓர் இரவு மூச்சையும் ரத்த ஆக்சிஜனையும் அளக்கும் உறக்கப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள். உறங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. மருத்துவரிடம் அதைச் சொல்ல, விழித்திருந்து கேட்ட உங்களால்தான் முடியும்.