முதுகு ஒப்பரேஷனும் ஸ்டீரொயிட் ஊசியும்



கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கும் நமக்கு முதுகுவலி புதிதல்ல. பெரும்பாலும் மருந்தோடும் ஓய்வோடும் குணமாகிவிடும். முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நெரித்தால் சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

ஒருமுறை ஒரு அக்காவுடன் கிளினிக்குக்குப் போயிருந்தேன். "கிட்டடியில முதுகுல ஊசி போட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினார். வெளியே வந்ததும், "மூணு கிழமைக்கு முந்தி டவுன்ல போட்டேன் ஐயா. சொன்னா ஒப்பரேஷன தள்ளிப் போட்டுருவாங்க" என்றார். திரும்பக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தேன். திகதி தள்ளித்தான் போனது. அக்காவுக்கு என்மேல் கோபம். ஆனாலும் டொக்டர் செய்தது சரி.

ஏன்? ஸ்டீரொயிட் வீக்கத்தைக் குறைக்கும், வலியும் குறையும். ஆனால் வீக்கம் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் காவல் வேலையில் ஒரு பங்கு. மருந்து வீக்கத்தை அடக்கும்போது காவலும் தளர்கிறது. ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் முள்ளந்தண்டு எலும்புகளைப் பொருத்தும் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் தொற்று கூடுதலாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. பொருத்திய ஆணியில் கிருமி ஒட்டினால் போக்குவது கஷ்டம்.

சில வைத்தியர்கள் ஒப்பரேஷன் நேரத்திலேயே நரம்பருகே ஸ்டீரொயிட் வைப்பதுண்டு. முதல் நாட்களில் வலி குறையலாம், தொற்றும் கூடலாம். ஆகவே ஆளுக்கேற்ப டொக்டர் தீர்மானிப்பார். "எனக்கு அந்த மருந்து வைப்பீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. எங்கே, எப்போது ஊசி போட்டாலும் துண்டை வாங்கி கிளினிக் கொப்பியில் வையுங்கள்.

2. சீனி வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீரொயிட் சீனியை ஏற்றும். சீனி கூடினால் தொற்றும் இலகுவில் வரும்.

3. நெடுநாளாக ஸ்டீரொயிட் மாத்திரை குடிப்பவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது. டொக்டரிடம் சொல்லுங்கள்.

4. வீடு வந்தபின் காயம் சிவந்தாலோ, நீர், சீழ் வடிந்தாலோ, குறைந்த வலி திரும்பக் கூடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டீரொயிட் காய்ச்சலை மறைக்கலாம்.

5. கால் பலமிழந்தாலோ, மலசலம் கட்டுப்படாவிட்டாலோ அது அவசரம். இரவென்றாலும் லயத்தில் வைத்திருக்காமல் கொண்டு போங்கள்.

திகதி தள்ளிப்போனால் இன்னொரு திகதி கிடைக்கும். டொக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம்.