பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2010-இல் வாங்கியது. "இதைக் காயலான் கடைக்குப் போடக் கூடாதா?" என்று வீட்டில் கேட்காத நாளில்லை. ஆனால் அதற்குள்தான் அம்மாவின் குரல் இருக்கிறது. ஊரில் கேசட்டில் பதிந்து வைத்திருந்த தாலாட்டையும் கதைகளையும் அதில் ஏற்றியிருந்தேன். அம்மா இப்போது இல்லை. கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போயிற்று.

சென்ற குளிர்காலத்தில் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. இரண்டாவது டிஸ்க் ஒன்றை நானே பொருத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யலாம் என்பதால் அந்த முறையை இங்கே தருகிறேன்.

முதல் வேலை, முக்கியமானவற்றைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்வது. நான் இதைச் செய்யவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும் முன்: கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து அகலமான பட்டைக் கேபிள் சென்றால் அது ஐ.டி.இ. வகை. குறுகலான கேபிள் என்றால் 2003-இல் புழக்கத்துக்கு வந்த சாட்டா வகை. உங்களுடையது சாட்டா என்றால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மதர்போர்டில் காலியான சாட்டா இணைப்பு, பவர் சப்ளையில் மீதமுள்ள இணைப்பு, டிஸ்க்கைச் செருகக் காலியிடம். டேட்டா கேபிளைத் தனியே கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் டிஸ்க்குடன் தருவதில்லை. பழைய இயந்திரத்துக்கு 2 டி.பி.க்கு மேற்படாத டிஸ்க் தொல்லையில்லாதது. நான் நேரு பிளேஸில் 1 டி.பி. டிஸ்க் வாங்கினேன்.

பொருத்துதல்: கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தில்லியின் குளிர்காலக் காற்று வறண்டது. கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கும். அந்தப் பொறியே டிஸ்க்கின் மின்சுற்றைக் கெடுக்கப் போதும். ஆகவே ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு டிஸ்க்கைக் கையில் எடுங்கள். காலியிடத்தில் செருகி, இரு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். நீளமான ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே குத்திவிடும். சாட்டா கேபிளின் முனை 'எல்' எழுத்து வடிவில் இருப்பதால் ஒரே விதமாகத்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள்.

விண்டோஸில்: கம்ப்யூட்டரை இயக்கி, விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி தட்டுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும். புதிய டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யக் கேட்கும். 2 டி.பி. வரை எம்.பி.ஆர். போதும். பிறகு புதிய டிஸ்க்கின் காலிப் பகுதியில் வலது கிளிக் செய்து, நியூ சிம்பிள் வால்யூம் தேர்ந்து, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். புதிய டிஸ்க் கண்ணுக்கே தெரியாவிட்டால் கேபிள்களைச் சரிபாருங்கள்; பயாஸில் அந்த இணைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கேதான் நான் தவறவிருந்தேன். பழைய டிஸ்க்கின் 'டி' பகுதியில் வலது கிளிக் செய்து, ஃபார்மட் வரை போய்விட்டேன். அம்மாவின் குரல் இருந்ததே அந்தப் பகுதியில்தான். பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, அது பழசுப்பா!" என்று கையைப் பிடித்தாள். அரை நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. எண்ணை மட்டும் நம்பாமல், கொள்ளளவைப் பார்த்து டிஸ்க்கை அடையாளம் காணுங்கள். 1 டி.பி. டிஸ்க் அங்கே 931 ஜி.பி. என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.

கடைசியாக ஒன்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், மின்னழுத்தம் எகிறினால் இரண்டுமே போகக்கூடும். ஆகவே மூன்றாவது நகலை வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றி, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தம்பியிடம் கொடுத்து வைத்தேன். அன்றிரவு தம்பி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தாலாட்டைக் கேட்டோம். பாட்டியைப் பார்த்தேயிராத தம்பியின் மகன் கதையையும் போடச் சொன்னான்.