வெள்ளத்துக்கு வீட்டுக் காப்பீடு: யார் எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம்?

டிசம்பரில் புயல் அறிவிப்பு வந்தால் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. வண்டியை மேடேற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருப்பார்கள்? வண்டிக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, எடுக்கிறோம். வீட்டுக்குக் கட்டாயம் இல்லை, விட்டுவிடுகிறோம்.

எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது, “வீட்டு இன்ஷூரன்ஸ்ல வெள்ளம் வராது, அதைத் தனியா எடுக்கணும்” என்று சொல்லியிருக்கலாம். அவர் ஊருக்கு அது சரி. இங்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான பாலிசியைக் கொண்டுவந்திருக்கிறது. வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கும் நிறுவனங்கள் எல்லாம் இதையும் விற்றாக வேண்டும். அடிப்படை விதிகள் எங்கும் ஒன்றுதான், பிரீமியம்தான் மாறும். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் கட்டடத்துக்கு எடுப்பதா, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு எடுப்பதா, இரண்டுக்குமா என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

எடுக்காமலே இருந்தால் என்ன? அதுவும் ஒரு வழிதான். பலர் மனதுக்குள், ‘அரசாங்கம் ஏதாவது கொடுக்கும்’ என்ற கணக்கு ஓடுகிறது. கொடுத்தது எவ்வளவு என்று பார்ப்போம். 2023 மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக. 2024 ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்பத்துக்கு 2,000 ரூபாய். அடுப்பு எரியாத சில நாட்களைத் தள்ள உதவும் பணம் இது. நனைந்துபோன ஃபிரிட்ஜுக்குப் பதில் புதிது வாங்க இது போதாது. நிவாரணத்தை நம்பிக் காப்பீட்டைத் தவிர்ப்பது கணக்குக்கு ஒத்துவராது. வங்கியில் சில லட்சங்களைத் தொடாமல் வைத்திருக்கக்கூடிய, மாடியில் குடியிருக்கிற குடும்பம் மட்டும் காப்பீடு இல்லாமல் சமாளிக்கலாம்.

அடுத்து, வெள்ளத்தில் உண்மையில் எது கெடுகிறது? சென்னையில் கான்கிரீட் கட்டடம் மூன்று நாள் தண்ணீரில் நின்றாலும் பெரும்பாலும் விழுவதில்லை. பெயின்ட் உரியும், கதவு உப்பும், தரையோரம் ஓடும் வயரிங் போகும். பெரிய நஷ்டம் உள்ளே இருக்கும் பொருட்களில்தான்: ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, இன்வெர்ட்டர், பேட்டரி, பிளைவுட் கட்டில். பாட்டி காலத்துத் தேக்கு பீரோ வெள்ளம் வடிந்ததும் வெயிலில் காய்ந்து மறுபடி வேலைக்கு வந்துவிடும். பிளைவுட் ஒருமுறை ஊறினால் குப்பைதான். நம் வீடுகளில் தேக்கு குறைந்து பிளைவுட் கூடியிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது, மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளுக்குச் சுவரே ஆபத்தாகிவிட்டது. அங்கே கட்டடக் காப்பீடு முதலில், பொருள் அடுத்தது.

பிரீமியம் அதிகம் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. அந்தப் பயம் பெரும்பாலும் தப்பான தொகையிலிருந்து வருகிறது. 70 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை 70 லட்சத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டியதில்லை. வெள்ளம் நிலத்தின் விலையைக் கொண்டுபோவதில்லை. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருவதுதான் கட்டடத் தொகை. 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். அந்தத் தொகைக்கு ஆண்டு பிரீமியம் பெரும்பாலும் சில ஆயிரத்தைத் தாண்டாது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. (2025 செப்டம்பரில் நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு வரிதான், வீட்டுக்கு அந்தச் சலுகை வரவில்லை.)

கட்டடமும் பொருளும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. பட்டியல் கூடத் தர வேண்டாம். மேலே சொன்ன வீட்டுக்கு அது 4 லட்சம். நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். கட்டுமானச் செலவு ஏறும் என்பதால் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமலே உயரும். பத்து ஆண்டு வரை ஒரே பாலிசியாகவும் எடுக்கலாம். முன்பெல்லாம் தொகையைக் குறைத்துச் சொல்லியிருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இந்தப் பாலிசியில் அந்த வெட்டு கிடையாது.

இனி, யாருக்கு எது?

தரைத்தளத்தில் சொந்த வீடு, 2015-லோ 2023-லோ உள்ளே தண்ணீர் வந்த தெரு: யோசிக்க ஒன்றுமில்லை, இரண்டுக்கும் சேர்த்து எடுங்கள். தண்ணீர் வந்ததா என்று விற்பவரையோ புரோக்கரையோ கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் மீட்டர் பெட்டிகளை மேலே ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். முன்பு தண்ணீர் வராத வீடு என்ற தெம்பும் நிரந்தரம் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகியிருக்கின்றன.

தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்: கட்டடம் உங்கள் கவலை இல்லை. பொருட்களுக்கு மட்டும் எடுங்கள். வீட்டு உரிமையாளரின் பாலிசி உங்கள் டிவிக்குப் பணம் தராது. இந்தத் தனிக் காப்பீடு இருப்பதே பல வாடகைக் குடும்பங்களுக்குத் தெரியாது. குறைந்த செலவில் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் இவர்கள்தான் என்பது என் கணிப்பு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சுவரோடு நிலையாகப் பொருத்திய அலமாரி போன்றவை கட்டடக் கணக்கில் சேரும்.

மூன்றாவது மாடி ஃபிளாட்காரர்: உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரப்போவதில்லை. உங்கள் வெள்ளம் கீழே, கார் நிறுத்துமிடத்தில். வீட்டுக் காப்பீட்டில் வாகனம் அடங்காது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்ட வண்டி மூழ்கினால் ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்த முழுக் காப்பீடு வேண்டும், முடிந்தால் இன்ஜின் பாதுகாப்பு இணைப்பும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது. லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் ஆகியவற்றுக்குச் சங்கம் பொதுக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். நிலநடுக்கம், தீ ஆகியவற்றுக்காக வீட்டுப் பாலிசி எடுப்பது நல்லதுதான்; ஆனால் அந்த முடிவுக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பில்லை.

வீட்டுக் கடன் வாங்கியவர்: ஏற்கெனவே உங்களிடம் பாலிசி இருக்கலாம். ஆனால் எடுத்துப் படியுங்கள். கடனோடு சேர்த்து விற்றது பல நேரம் உங்கள் உயிருக்கான காப்பீடாக இருக்கும். நீங்கள் இறந்தால் கடன் அடையும், வெள்ளத்துக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கானதாகவே இருந்தாலும் கட்டடத்துக்கு மட்டும் இருக்கலாம். சில சமயம் முதல் ஆண்டுக்குப் பிறகு யாரும் புதுப்பித்திருக்கவே மாட்டார்கள்.

எந்தப் பாலிசியும் எல்லாவற்றையும் தாங்காது. ரொக்கம், பங்குப் பத்திரம் போன்றவை அடங்காது. நகைக்குத் தனியாக மதிப்புச் சொல்லிக் கூடுதலாக எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓதம் ஏறிய சுவரை இந்த மழைதான் கெடுத்தது என்றால் ஏற்கமாட்டார்கள். புதுக் கட்டடம் தானாக அமர்வதால் வரும் விரிசலும் அப்படித்தான். மின்சாரக் கோளாறில் கருகிய கருவிக்கும் விலக்கு உண்டு; அதனால் தண்ணீர் புகுந்த ஃபிரிட்ஜை மெக்கானிக் பார்க்கும்முன் பிளக்கில் போட்டு, வெள்ளச் சேதத்தை ஷார்ட் சர்க்யூட் சேதமாக மாற்றிவிடாதீர்கள்.

பணம் கேட்கும் நேரத்தில் தகராறு வருவது பெரும்பாலும் ஆதாரத்தில். இப்போதே செல்போனில் அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து, பில்களோடு சேர்த்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். வெள்ளம் வந்தால் சுவரில் தண்ணீர் நின்ற அளவைப் படமெடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் வருமுன் பொருட்களை மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட வேண்டாம். நாற்றம் தாங்காமல் எறிந்தே ஆக வேண்டும் என்றால், மாடல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு எறியுங்கள்.

எழுதிக் கொடுத்த புகாரை நிறுவனம் மறுத்தால், அல்லது அதற்கு 30 நாளில் பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.