சிறு தொழிலும் இணையப் பெயரும்: மறையூர் வெல்லத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இடுக்கி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ள மறையூர், சந்தன மரங்களுக்கும் வெல்லத்திற்கும் பெயர் பெற்றதாகும். கரும்புச்சாற்றைக் காய்ச்சி உருண்டையாகப் பிடிக்கப்படும் மறையூர் வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடத்து வெல்லம் இப்பெயரில் விற்கப்படுவதைச் சட்டப்படி தடுக்க இது துணை செய்கிறது. ஆயின், சந்தையில் கிடைத்த இப்பாதுகாப்பு இணையத்தில் தானாகவே கிடைத்துவிடுவதில்லை.

பெயர்ப் பதிவு

இணையப் பெயர், பொதுவாக, முந்திப் பதிவு செய்பவருக்கே கிடைக்கிறது. ‘.இன்’ என முடியும் பெயர்களை, 2003இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய இணைய இணைப்பகமான ‘நிக்சி’ நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் பெயரும் பெறலாம். தீய நோக்குடன் பிறர் பதிவு செய்துகொண்டால் நடுவரிடம் முறையிட வழியுண்டு. எனினும், வழக்காடி மீட்பதினும் முன்னதாகப் பதிவு செய்வதே சிக்கனமாகும்.

செலவின் தன்மை

இச்செலவு இரு வகைப்படும். ஒன்று பெயருக்கானது, மற்றொன்று அப்பெயரில் இயங்கும் அஞ்சல் பெட்டிக்கானது. பெயர் விலைக்கு வாங்கப்படுவதன்று. 1 முதல் 10 ஆண்டுகள் வரையிலான குத்தகை போன்றது. புதுப்பிக்கத் தவறினால், மீட்புக்குரிய குறுகிய காலம் கழிந்தபின் அதை வேறொருவர் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் பழைய முகவரிக்கு வரும் கொள்முதல் ஆணைகளும் வங்கிக் கடிதங்களும் அவர் கைக்குப் போய்ச் சேரக்கூடும். சில நூறு ரூபாய்க் கட்டணத்தை மறந்ததால் பல ஆண்டு வணிகத் தொடர்பு கைமாறிவிடும்.

பெயர் சொந்தமாக இருப்பின், அஞ்சல் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. அஞ்சல் எக்கணினிக்குச் செல்லவேண்டும் என்னும் குறிப்பைத் திருத்தினால் போதும். இலவச முகவரியில் இவ்வசதி இல்லை.

நம்பகத்தன்மை

பெயரைப் போலியாக்கி, ‘வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என வாடிக்கையாளருக்கு எழுதிப் பணம் பறிப்போர் உளர். எக்கணினிகள் இப்பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., அஞ்சலுக்கு மின்னணு முத்திரையிடும் டி.கே.ஐ.எம். ஆகிய ஏற்பாடுகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. 2024 பிப்ரவரி முதல், தனக்கு அஞ்சல் அனுப்புவோர் இவற்றுள் ஒன்றையேனும் கொண்டிருக்கவேண்டும் என ஜிமெயில் வற்புறுத்துகிறது. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு இவற்றையும் கேட்டறிதல் நன்று.

நிர்வாகப் பொறுப்பு

உற்பத்தியாளர் குழுக்களில் செயலாளர் மாறுவது இயல்பு. ஆகவே பெயர், அதை அமைத்துக் கொடுத்த தொழில்நுட்பர் பெயரிலோ தனி உறுப்பினர் பெயரிலோ அன்றி, குழுவின் பெயரிலேயே பதிவாகவேண்டும். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. புதுப்பிக்கும் நாள் குழுவின் பதிவேட்டில் எழுதப்படவேண்டும். கட்டணம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறவேண்டும்.

புவிசார் குறியீட்டுப் பதிவும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டியதே. சந்தையிலாயினும் இணையத்திலாயினும், பெயரை ஈட்டுவதோடு கடமை முடிவதில்லை. காலந்தோறும் அதைக் காப்பதும் தொழிலின் ஒரு பகுதியேயாகும்.