அதே நெருப்பில் அணையாத விளக்கு

பதுளை

அன்புள்ள தம்பிக்கு,

அணுமின் நிலையம் என்றாலே கதிர்வீச்சும் வெடிப்பும்தான் பேச்சில் வரும். நான் எழுதப்போவது அதைவிடச் சின்ன விஷயம்: மின்சாரம் போனால் தானாக எரியும் பெட்டரி விளக்கு. அதை எங்கே மாட்ட வேண்டும், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. சில இடங்களில் மாட்டாமல் விடவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த விலக்கு எப்போது நியாயம், எப்போது ஆபத்து? விளக்குக்குப் பதிலாக வைக்கும் ஏற்பாடு, மின்சாரத்தைப் பறித்த அதே காரணத்தால் தானும் அணைந்துபோகாது என்று காட்ட முடிந்தால் விலக்குத் தரலாம் என்பேன். காட்ட முடியாவிட்டால் யார் கையெழுத்திட்டாலும் அது நியாயமாகாது. ஊவாவில் அணு உலை ஏது என்று கேட்பாய். இலங்கையிலேயே இல்லைதான். ஆனால் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கிறது, அணுமின் பற்றிய யோசனையும் அரசிடம் இருக்கிறது, 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று வந்து நாட்டின் தயார்நிலையைப் பார்த்தும் போயிருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிற உன் வயதுக்காரர்கள்தான் அந்த விதிகளோடு வாழப்போகிறவர்கள்.

நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்ததையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தின் முதல் உலையில், 1993 மார்ச் 31 அதிகாலை, டர்பைனின் இரண்டு அலகுகள் முறிந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஐதரசன் வாயு கசிந்து தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது, தீ கேபிள்கள் வழியே பரவியது. வழக்கமான மின்சாரத்துக்கு உரிய கேபிள்களும் அவசர மின்சாரத்துக்கு உரியவையும் போதிய தடுப்பில்லாமல் அருகருகே போட்டிருந்ததால் இரண்டும் ஒன்றாகவே கருகின. ஏறக்குறைய 17 மணி நேரம் அந்த உலைக்கு மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்து, அங்கிருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. உலையை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்திய கணத்திலும் அதன் முழு வெப்பத்தில் 6 சதவீதம் அளவு வந்துகொண்டேயிருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் உண்டாக்குவதால், அந்த 6 சதவீதமே 40 மெகாவாட்டைத் தொடும். வெல்லவாயாவுக்குப் பக்கத்தில் நிலத்துக்கடியில் இருக்கும் உமா ஓயா மின்நிலையத்தில் ஓர் இயந்திரத்தின் முழுத் திறன் 60 மெகாவாட் என்பதை நினைத்துப்பார். நேரம் போகப் போகக் குறையும் என்றாலும் அந்த வெப்பத்தை அகற்றியே ஆக வேண்டும். டீசலில் இயங்கும் தீயணைப்புப் பம்புகளால் நீராவிக் கலங்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். சிலர் டோர்ச்சுடன் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரன் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள், அணுப்பிளவு மறுபடி தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக. மக்களைப் பாதிக்கும் கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை.

அமெரிக்காவில் இதே பாடம் 18 ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருந்தது. அலபாமா மாநிலத்தின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் 1975 மார்ச் 22 அன்று, சுவரில் கேபிள் நுழையும் ஓட்டையில் காற்றுக் கசிகிறதா என்று மெழுகுதிரியைப் பிடித்துப் பார்த்தார்கள். (அணுமின் நிலையத்தில் மெழுகுதிரியா என்று சிரிக்காதே, நடந்தது அதுதான்.) அடைத்திருந்த நுரைப்பஞ்சு தீப்பற்றி, 1600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. அதன் பிறகு, 1980இல் அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு கொண்டுவந்த தீப்பாதுகாப்பு விதிகளில் ஒன்று, குறைந்தது 8 மணி நேரம் பெட்டரியில் எரியும் விளக்குகள் வேண்டும் என்கிறது. கட்டடம் முழுக்க அல்ல. உலையைப் பத்திரமாக நிறுத்த ஆள் போய் இயக்க வேண்டிய கருவிகள் இருக்கும் இடங்களிலும், அங்கே போகவும் திரும்பவும் உள்ள வழிகளிலும்தான். வெளிச்சத்தை அறையின் அளவால் கணக்கிடாமல், மனிதர் செய்ய வேண்டிய வேலையால் கணக்கிட்டதே இந்த விதியின் சிறப்பு.

இதற்கும் விலக்குகள் உண்டு. பொதுமக்களுக்குத் தகாத ஆபத்து வரக் கூடாது, விதியின் நோக்கம் வேறு வழியில் நிறைவேற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பல நிலையங்கள் அதைப் பெற்றிருக்கின்றன. திறந்த முற்றத்தில் நடக்கும் வழிக்கு, டீசல் ஜெனரேட்டரில் எரியும் காவல் விளக்குகளே போதும் என்று சில நிலையங்கள் கேட்டன. உலைக் கூடத்துக்குள் சுவர் விளக்குக்குப் பதிலாகக் கையில் கொண்டுபோகும் விளக்கை வேறு சில கேட்டன. இதெல்லாம் கம்பனிகள் காசு மிச்சம் பிடிக்கும் தந்திரம் என்பார்கள். சில சமயம் அப்படியும் இருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது. சூடும் கதிர்வீச்சும் நிறைந்த கூடத்தில் பெட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஆள் உள்ளே போனால், வராத விபத்துக்காக அந்த ஆள் நிஜமாகவே கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறார். அங்கே கை விளக்குத்தான் அறிவான ஏற்பாடு, அதன் பெட்டரி எரியும் கேபிள் எதையும் நம்பியில்லை. காவல் விளக்கு விஷயம் வேறு. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள், தீப்பிடிக்கக்கூடிய அறை வழியாகப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போகிறது என்றால், நரோராவில் எரிந்ததைத்தான் காகிதத்தில் பாதுகாப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நரோராவில் டோர்ச்சே போதுமானதாக இருந்ததே, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் என்ன என்ற வாதமும் வரும். இது வலுவான வாதம். ஆனால் டோர்ச் எங்கே இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா, இரண்டு கையாலும் வால்வைத் திருப்பும்போது யார் பிடிப்பது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி, ஆட்களைப் பழக்கி வைத்திருந்தால்தான் அது ஏற்பாடு. இல்லாவிட்டால் அது சிலருடைய துணிச்சல். துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதை நம்பிச் சட்டம் எழுதக் கூடாது என்கிறேன்.

இன்னும் கடினமான ஆட்சேபம் 8 மணி நேரம் பற்றியது. நரோராவில் 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று சுனாமி நீர் டீசல் ஜெனரேட்டர்களை மட்டுமல்ல, 1ஆம், 2ஆம் உலைகளின் பெட்டரி மின்சாரத்தையும் சேர்த்துக் கெடுத்தது. டோர்ச் வெளிச்சத்தில் மானிகளைப் பார்த்தார்கள், கார் பெட்டரிகளைக் கழற்றி வந்து கருவிகளுக்கு இணைத்தார்கள். கட்டுப்பாட்டு அறைகளில் விளக்கு மறுபடி எரியப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று. அப்படியானால் 8 என்ற எண்ணே வீணா? தீ விபத்தில் முதல் சில மணி நேர வேலைக்காகப் போட்ட கணக்கு அது, அந்த எல்லைக்குள் சரியானது. ஆனால் எண்ணைக் கூட்டினாலும் ஃபுகுஷிமாவுக்கு விடை கிடைத்திருக்காது. 72 மணி நேரப் பெட்டரியும் நிலத்தடித் தளத்தில் வெள்ளத்தில் மூழ்கினால் ஒரு நிமிடம்கூட எரியாது. நேரத்தைவிட இடம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க உனக்கு அணு உலை வேண்டியதில்லை. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் எமர்ஜென்சி லைட் சொந்தப் பெட்டரியில் எரிகிறதா, அல்லது ஜெனரேட்டர் வந்த பிறகு அதே மெயின் போர்டிலிருந்து எரிகிறதா என்று கேட்டுப்பார். போர்டிலேயே தீப்பிடித்தால் இரண்டாவது வகை பயன்படாது. நாடு முழுக்க மின்சாரம் போவதெல்லாம் அபூர்வம் என்று யாராவது சொன்னால், 2025 பெப்ரவரி 9ஐ நினைவூட்டு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவே மின்சாரம் இழந்தது, நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழுதாக இயங்கச் சில நாட்கள் பிடித்தன.

இலங்கையின் 2014 சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அணுசக்தியை வளர்க்கும் சபையையும், அதைக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தல் பேரவையையும் தனித்தனியாக அமைத்திருக்கிறது. இந்தியாவில் கண்காணிப்பு அமைப்புக்குப் போதிய சுயாதீனம் இல்லை என்று அந்நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் 2012இல் குறைகூறியிருந்ததை வைத்துப் பார்த்தால் இதன் மதிப்புத் தெரியும். அமெரிக்காவில் விலக்குகள் காரணங்களோடு அரச இதழில் வெளியாகின்றன. இங்கே அணுமின் நிலையத்துக்கான விதிகள் என்றைக்காவது வர்த்தமானியில் வந்தால், விளக்குப் பற்றிய பிரிவைவிட விலக்குப் பற்றிய பிரிவை முதலில் படி. யார் தரலாம், காரணத்தை வெளியிட வேண்டுமா, மாற்று ஏற்பாட்டின் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று காட்ட வேண்டுமா என்று தேடு. தமிழ்ப் பிரதி கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிக் கேள்.

அன்புடன்,
அண்ணன்