நுரை விளையாட்டும் விஞ்ஞானமும்



வருகின்ற ஹோலிப் பண்டிகைக்கு நம் சங்கத்தின் சார்பில் நுரை நடனம் ஒன்று நடத்தலாமா என்று இளைய மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். செயற்குழுவினர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் பௌதிகம் படிப்பவர், இதில் ஆபத்து உண்டா, இல்லையா?" என்று வினவினர். ஒரே வார்த்தையில் விடை சொல்ல இயலவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நுரை நடனம் என்பது யாது? முற்றத்திலோ கூடத்திலோ வெண்ணுரையை நிரப்பி, அதற்குள் நின்று இசைக்கேற்ப ஆடுவதுதான். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இபிசா தீவின் நடனக் கூடங்களில் 1990-களில் இது பெரும்புகழ் பெற்றது. இன்று ஹோலி வந்தால் தில்லியிலும் பல இடங்களில் காணலாம்.

முதலில், நுரை உண்டாகும் விதத்தைப் பார்ப்போம். தூய நீரைக் குலுக்கினால் குமிழிகள் தோன்றிய கணமே உடைந்துவிடும். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்து, பரப்பை இயன்றவரை சுருக்கப் பார்க்கின்றன. இதுவே பரப்பு இழுவிசை. சோப்பு போன்ற பொருள்களின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் வால் ஒன்றும் உண்டு. அவை நீர்ப்பரப்பில் அணிவகுத்து நின்று, வாலை வெளியே நீட்டிக்கொள்கின்றன. பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேலும், குமிழியின் சவ்வு எங்கேனும் மெலிந்தால், அவ்விடத்தில் இழுவிசை சற்றுக் கூடி, அருகிலுள்ள நீரை இழுத்துவந்து மெலிவைச் சரிசெய்கிறது. ஊரில் என் பாட்டி பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை நீரில் அலசும்போது எழும் நுரையும் இவ்வகையானதே.

நுரை இயந்திரத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு வலைமீது கரைசல் தெளிக்கப்படுகிறது. பின்னாலிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் குமிழிகள் பிறக்கின்றன. ஒரு பங்கு கரைசல் இருநூறு பங்குக்கு மேல் விரிந்தால் அதை மிகைவிரிவு நுரை என்பர். 1950-களில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தீயை அணைக்க இத்தகைய நுரையைப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தார்கள். முந்நூறு மடங்கு விரிவதாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தை ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்ப 36,000 லிட்டர் நுரை வேண்டும். அதற்குத் தேவையான கரைசலோ 120 லிட்டர்தான். இருபது லிட்டர் வாளியில் ஆறு வாளி!

அப்படியானால் முந்நூறில் ஒரு பங்கே நீர். மற்றவை யாவும் காற்று. காற்றா நமக்குத் தீங்கு செய்யும்? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஹோலியன்று இந்நகரத்து விடுதி ஒன்றின் முற்றத்தில் நானும் நுரையில் ஆடினேன். நுரை மார்பளவுக்கு ஏறியிருந்தது. திடீரென்று என் கணுக்காலை ஒரு கை பற்றியது. குனிந்து தூக்கினேன். முதலாண்டு படிக்கும் நம் தம்பிகளில் ஒருவன்! வழுக்கி விழுந்தவன் மீண்டும் மீண்டும் எழ முயன்று வழுக்கியிருக்கிறான். இருமி இருமி மூச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, கத்தினேனே, உங்களுக்குக் கேட்கவில்லையா?"

எனக்குக் கேட்கவில்லை. கேளாததற்குக் காரணம் இசையின் இரைச்சல் மட்டுமன்று. நுரையின் எண்ணற்ற சவ்வுகள் ஒலியை விழுங்கிவிடுகின்றன. ஒளியைச் சிதறடித்து, உள்ளிருப்பதை மறைத்துவிடுகின்றன. குமிழிக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றேயானாலும், நுரைக்குள் மூழ்கியவனுக்கு அது உதவாது. மூச்சிழுத்தால் நுரையும் நீருமே உள்ளே புகும். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து எக்லின் விமானப்படைத் தளத்தில், விமானக் கொட்டகையின் தீயணைப்பு நுரை தவறுதலாகப் பொங்கி ஆளுயரத்துக்கு மேல் நிரம்பியது. அதில் அகப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். இவையெல்லாம் பாடத்தில் படித்த பௌதிகமே. படித்த நான்தான் அவனிடமிருந்து இரண்டு முழ தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நுரை நடனம் நடத்துவதாயின் கீழ்க்கண்டவை வேண்டும்.

முதலாவது, உயரம். கூட்டத்தில் மிகக் குள்ளமானவரின் இடுப்புக்கு மேல் நுரை ஏறலாகாது.

இரண்டாவது, காவல். நுரையில் இறங்காத நால்வர் சற்று உயரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் இயந்திரத்தின் விசையருகிலேயே நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தையும் இசையையும் நிறுத்தி, நுரையை அடங்கவிட்டு, எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தரை. நுரை அடங்கினாலும் அந்த 120 லிட்டர் சோப்பு நீர் தரையில்தான் கிடக்கும். வழவழப்பான கல் தரை கூடாது. படி, பள்ளம், கண்ணாடிப் புட்டி எதுவும் கூடாது. வழுக்காத காலணி அவசியம்.

நான்காவது, கரைசல். உடலில் படுவதற்கென்றே விற்கப்படும் திரவத்தைக் குறிப்பிட்ட அளவு நீரில் கலக்க வேண்டும். துணி துவைக்கும் தூளையோ பாத்திரம் துலக்கும் திரவத்தையோ ஊற்றலாகாது. 2012 மே மாதம் புளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த நுரை நடனத்துக்குப் பின், நாற்பதுக்கும் மேற்பட்டோர் கண் எரிச்சலுடன் மருத்துவமனைகளை நாடினர். கண்ணில் நுரை பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நின்று பார்ப்பதே நலம். மது அருந்தியவருக்கு அனுமதி இல்லை.

ஐந்தாவது, மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த தோலோ அதைத் தடுக்கும் வலிமையை இழந்தது. ஆகவே இயந்திரமும் ஒலிபெருக்கியும் நுரைக்கு வெளியே, உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் ஒரு கம்பியும் ஓடலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. விசை வழியாகத்தான் மின்சாரம் வர வேண்டும்.

செயற்குழுவுக்கு என் விடை இதுதான்: இந்த ஐந்தையும் செய்ய முடியுமானால் தாராளமாக நடத்துங்கள். ஒன்று குறைந்தாலும் வண்ணப்பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடத்துவதென்று முடிவாகிவிட்டால், காவல் நிற்கும் நால்வரில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இம்முறை நான் ஆடப்போவதில்லை.