தவணையை மறந்தவர் எல்லோரும் தப்பியோடியவர் அல்லர்

வழக்குத் தவணைக்கு ஒருவர் சமுகமளிக்காவிட்டால் நீதவான் அவருக்குப் பிடியாணை பிறப்பிக்கலாம். சிறு குற்றச்சாட்டுக்கு ஆளானவரும் இதனால் விளக்கமறியலுக்குப் போக நேரிடும். பிணை நின்றவரும் பணம் கட்ட வேண்டி வரலாம். "பயந்து ஒளித்துவிட்டான்" என்று நாமும் எளிதில் முடிவுகட்டிவிடுகின்றோம். ஆனால் பலர் வராமலிருப்பதற்குக் காரணம் மறதியும் குழப்பமுமே என்பதை அமெரிக்க அனுபவங்கள் காட்டுகின்றன.

நியூயோர்க்கில் நடந்தது

பொது இடத்தில் மது அருந்துதல், நடைபாதையில் சைக்கிள் ஓட்டுதல் போன்றவற்றுக்கு அந்நகரப் பொலிசார் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பர். துண்டு பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 40 பேர் நீதிமன்றம் வரவில்லை. பழைய துண்டில் குற்றச்சாட்டு மேலேயும், தவணைத் திகதி அடியிலும் இருந்தன. 2016இல் திகதியையும் இடத்தையும் மேலே கொண்டு வந்து, வராவிட்டால் பிடியாணை வரும் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டார்கள். வராதோர் தொகை 13 வீதத்தால் குறைந்தது. தவணைக்கு 7, 3, 1 நாட்களுக்கு முன்னர் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியபோது, செய்தி பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் வராதோர் தொகை 21 வீதத்தால் குறைந்தது. இம்முடிவுகள் 2020இல் வெளியாயின.

தபாலட்டையும் உதவும்

நெப்ராஸ்கா மாநிலத்தில் தபாலட்டை அனுப்பிப் பார்த்தார்கள். அட்டை பெறாதவர்களில் 12.6 வீதமானோர் வரவில்லை. வராவிட்டால் என்ன நேரும் என்று எழுதிய அட்டையைப் பெற்றவர்களில் 8.3 வீதமானோரே வரவில்லை. தவணையோடு விளைவையும் சொல்வது கூடிய பயன் தந்தது.

நாம் செய்யக்கூடியவை

எமது கிராமங்களில் சங்கங்களும் தொண்டர்களும் இதைச் செலவின்றிச் செய்யலாம். திகதி, நேரம், நீதிமன்றம், வழக்கிலக்கம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்போம். ஒரு வாரம் முன்பும், முதல் நாளும் நினைவூட்டுவோம். எந்த பஸ்ஸில் போவது, பிள்ளையை யார் பார்ப்பது என்றும் கேட்போம். நாட்கூலியை இழப்பவரின் சிரமம் நினைவூட்டலால் மட்டும் தீராது. இதை ஊரறியச் சொல்லாமல் அவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும்; குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்னும் குற்றவாளியல்லர்.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் தவணை தவறியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்?
2. வாசிக்கத் தெரியாதவருக்குத் தவணையை நினைவூட்டுவது யார்?